யாருக்கு முதலில் கட்டுவது? கடன் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கடன் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அதற்கு இவ்வளவு கடிதங்களும் புலன (வாட்ஸ்அப்) செய்திகளும் வந்து குவியும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கவில்லையாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. பேங்கில் கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று சுங்கை சிப்புட்டில் இருப்பவள் நான், சந்தையில் கீரை வாங்கும்போதுகூட யாராவது ஓரமாகக் கூப்பிட்டு "அக்கா, ஒரு லெட்டர் வந்திருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். அதனால் இந்த மாதம் முழுக்கக் கடன்தான். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டேன், வேலையையும் தொகையையும்கூடச் சில இடங்களில் மாற்றியிருக்கிறேன். சின்ன ஊர், யார் யாரென்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார், நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 3,600 வெள்ளி (ரிங்கிட்) வரும். பேங்கில் பெர்சனல் லோன், கிரெடிட் கார்டில் 6,000, மோட்டார் சைக்கிள் தவணை, டவுனில் வட்டிக் கடையில் 3,000, அது போக கூட்டு (சீட்டு) வேறு எடுத்துவிட்டேன். கார்டுக்கு ஆள் வைத்துத் தினமும் போன் பண்ணுகிறார்கள், வேலை இடத்துக்கு வருவேன், வீட்டில் டிவியைத் தூக்குவேன் என்கிறார்கள். பயந்துபோய் எல்லாருக்கும் ஐம்பது நூறு என்று கட்டுகிறேன், எதுவும் குறைந்தபாடில்லை. யாருக்கு முதலில் கட்டுவது?

பதில்: தங்கச்சி, யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவருக்கு முதலில் கட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் சொல்கிறேன், கையில் பிடி உள்ளவர் கத்த மாட்டார். வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் அமைதியாக ஒரு கடிதம் அனுப்பும், அவ்வளவுதான், வீடே அவர்களிடம் அடமானத்தில் இருக்கும்போது எதற்குக் கத்த வேண்டும்? கார்டுக் கடனுக்கு அடமானம் என்று எதுவும் கிடையாது, அதனால் குரலை வைத்துத்தான் வசூல் நடக்கும். நீங்கள் கத்தியவருக்குக் கட்டிவிட்டு, சத்தமில்லாமல் கடிதம் போட்டவரை அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறீர்கள், அதுதான் நடக்கிறது.

அந்த 50 வெள்ளி எங்கே போகிறது என்று பாருங்கள். கார்டில் 6,000 பாக்கி. ஒழுங்காகக் கட்டாதவர்களுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி, அதாவது மாதம் 90 வெள்ளி. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 5 விழுக்காடு, 300 வெள்ளி. அதைக் கட்டாததால் தாமதக் கட்டணம் 1 விழுக்காடு, 60 வெள்ளி. ஆக 150 வெள்ளி ஏறிவிட்டது, நீங்கள் கட்டியது 50. மாத முடிவில் கடன் 6,100. போன் பண்ணியவர் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார், அந்த நாலு நாளுக்குத்தான் 50 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள்.

டிவி விஷயம் வெறும் மிரட்டல். உங்கள் வீட்டுப் பொருளில் கை வைக்க வேண்டுமென்றால் பேங்க் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதற்குப் பிறகு பறிமுதல் உத்தரவும் வாங்கி, நீதிமன்ற ஆள் வர வேண்டும். போனில் பேசுகிற பையனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அடுத்த முறை கூப்பிட்டால் அழாமல் இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எந்த ஏஜென்சி, பேங்க் உங்களை நியமித்த கடிதத்தை அனுப்புங்கள். தேதி, நேரம், என்ன பேசினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பணத்தைப் பேங்கில் உள்ள உங்கள் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ஏஜென்ட் அனுப்புகிற தனியாள் கணக்கில் ஒரு சென் கூடப் போடக்கூடாது. வசூலுக்கு வைத்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு அந்தப் பேங்க்தான் பொறுப்பு, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதற்கு விதியே வைத்திருக்கிறது. தகாத வார்த்தை பேசினால் அந்த நோட்டை வைத்து முதலில் பேங்கின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள், அங்கே அசையவில்லையென்றால் பேங்க் நெகாராவுக்கு.

சரி, வரிசைக்கு வருவோம். வீட்டு வாடகை, கரண்ட், தண்ணீர், சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளி வேன், இதெல்லாம் எல்லாக் கடனுக்கும் முன்னால். இதில் கை வைத்துக் கடன் கட்டுகிறவர்கள் சீக்கிரத்திலேயே அரிசி வாங்கப் புதுக் கடன் வாங்குவார்கள், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது மோட்டார். அது இல்லாமல் உங்கள் கணவர் விடியற்காலையில் ஆலைக்கு எப்படிப் போவார்? கடையில் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள், 'சேவா பெலி' என்று இருந்தால் அது 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும். அதன்படி தொடர்ந்து இரண்டு தவணை விட்டுப்போன பிறகுதான் வண்டியை எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்க முடியும், அதற்கும் நான்காம் அட்டவணை நோட்டீஸ் அனுப்பி 21 நாள் கொடுக்க வேண்டும். வருகிற ஆள் அனுமதி அட்டை காட்ட வேண்டும். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டீர்கள் என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்கவே முடியாது. இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் இரண்டாவது தவணை தவறுவதற்கு முன்னாலேயே போய்ப் பேசுவது எல்லாவற்றையும்விட மலிவு.

வட்டிக் கடை 3,000. இதில் எனக்கே உங்களிடம் கேள்வி இருக்கிறது. கடையில் கேபிகேடி (வீடமைப்பு, ஊராட்சி) அமைச்சின் உரிமம் மாட்டியிருக்கிறதா? ஒப்பந்த நகல் உங்களிடம் கொடுத்தார்களா? 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது, அடமானம் இருந்தால் 12 விழுக்காடு. 3,000 வெள்ளிக்கு ஒரு வருட வட்டி 540, மொத்தம் 3,540, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 295. உங்களிடம் 380, 400 என்று வாங்கினால் எங்கேயோ இடிக்கிறது. "புரோசெசிங்" என்று சொல்லி முன்கூட்டியே 300, 400 பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, தாளில் மட்டும் 3,000 என்று எழுதியிருந்தால் அதுவும் தப்பு. உரிமம் உள்ள கடை இப்படிச் செய்தால் அமைச்சுக்குப் புகார் எழுதலாம், "எழுதப் போகிறேன்" என்று சொன்னாலே கணக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நேர்மையான கடை என்றால் தாளில் உள்ள தவணையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு வருடக் கடன்தானே, முடிந்துவிடும்.

கூட்டு. இதில் சட்டத்தைக் கொண்டுவராதீர்கள். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971-லிருந்தே சட்டவிரோதம், அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது, ஆனாலும் நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) எந்த வீட்டில் இல்லை? நீங்கள் பணத்தை எடுத்துவிட்டீர்கள், இனி வருகிறவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களும் சம்பளத்தில் கிள்ளிப் போட்டவர்கள்தான். கார்டு பேங்குக்கு 6,000 வரவில்லையென்றால் அது மூழ்கிப் போகாது. அதனால் என் வரிசையில் கூட்டு கார்டுக்கு மேலே. யாராவது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கட்ட முடியாத மாதம் என்றால் தேதிக்கு முன்பே கூட்டுத் தலைவியிடம் போய்ச் சொல்லுங்கள், "பாதி இந்த மாதம், பாதி அடுத்த மாதம்" என்று. தேதி போன பிறகு போனை அணைத்து வைப்பதில்தான் ஊர் முழுக்கப் பேர் கெடும்.

கடைசியில் நிற்பது பெர்சனல் லோனும் கார்டும். இவை இரண்டும் பேங்க் கடன், இதற்குத்தான் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம், ஈப்போவில் கிளை உண்டு, சேவைக்கு ஒரு வெள்ளியும் வாங்க மாட்டார்கள். உங்கள் வரவு செலவைப் பார்த்து, பேங்குகளிடம் அவர்களே பேசி, வட்டியைக் குறைக்க முடிந்தால் குறைத்து, தவணையை நீட்டி, எல்லாவற்றையும் ஒரே மாதத் தொகையாக்கித் தருவார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, எல்லாக் கடனின் கடைசி ஸ்டேட்மென்ட், கரண்ட் பில் எல்லாம் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போங்கள். அங்கே செலவு கேட்கும்போது கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு அனுப்புகிற நூறு, கோயில் நன்கொடை, தீபாவளித் துணி, கணவர் பிடிக்கிற சிகரெட், எல்லாவற்றையும் சொல்லுங்கள். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று "மாதம் 700 கட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வந்து, தீபாவளி மாதத்தில் திட்டம் உடைந்து, மறுபடி பழைய வட்டி ஏறியவர்களை எனக்குத் தெரியும். 450 தான் முடியும் என்றால் 450 என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஏகேபிகே போனால் பெயர் 'பிளாக்லிஸ்ட்' ஆகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் வீடு வாங்க முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 1,500 வெள்ளி கொடுத்தால் சிசிரிஸில் பெயரைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? எனக்கு 29 வயது, ஐந்து மாதமாகக் கடன் கட்டவில்லை.

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கணக்குப் பதிவு. யாருக்கு எவ்வளவு கடன், கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் கட்டினார், எத்தனை மாதம் பாக்கி என்பது அதில் இருக்கும், அவ்வளவுதான். அதில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பேங்க் பார்த்து முடிவு செய்யும். உள்ளே போய் அழித்துவிட்டு வர எந்த ஏஜென்டாலும் முடியாது. தவறான தகவல் இருந்தால் பேங்கிடம் சொல்லி நீங்களே திருத்தலாம், இலவசமாக. உங்கள் அறிக்கையை இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான். 1,500 வெள்ளி இருந்தால் அதைக் கடனில் கட்டுங்கள்.

ஏகேபிகே திட்டத்தில் சேர்ந்தால் அது சிசிரிஸில் தெரியும், அது உண்மை. திட்டம் முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது, கார்டுகளையும் பயன்படுத்த முடியாது. அதைத் தண்டனை என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். ஐந்து மாதம் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும் 29 வயதுப் பையனுக்கு இப்போது மட்டும் எந்தப் பேங்க் வீட்டுக் கடன் கொடுக்கக் காத்திருக்கிறது? திட்டம் சில வருடம் ஓடும், ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் ஒவ்வொன்றாகப் பதிவில் ஏறும், பழைய பாக்கி மாதங்கள் 12 மாதக் கணக்கிலிருந்து பின்னால் தள்ளப்படும். 35 வயதில் வீடு வாங்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. இன்னொன்று, ஒரே ஒரு பேங்கில்தான் கடன் என்றால் ஏகேபிகேக்கு முன்னால் அந்தப் பேங்கிலேயே தவணையை மாற்றியமைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பாக்கி விழுவதற்கு முன்பு கேட்டால் பெரும்பாலும் முகம் கொடுத்துப் பேசுவார்கள்.

கேள்வி: கூட வேலை செய்த நண்பனின் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் சிங்கப்பூர் போய்விட்டான், போன் எடுப்பதில்லை. இப்போது பேங்க் எனக்குக் கடிதம் போடுகிறது. என்னைத் திவால் ஆக்கிவிடுவார்களா?

பதில்: சொந்த உபயோகத்துக்கான கார், நீங்கள் அதில் காசு எதுவும் பார்க்கவில்லை என்றால் ஆக்க முடியாது. 2017 அக்டோபரிலிருந்து சட்டம் மாறிவிட்டது. படிப்புக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன், சொந்த வாகனக் கடன் இவற்றுக்கு லாபநோக்கம் இல்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. நண்பனின் வியாபார லோரிக்குப் போட்டிருந்தால் கதை வேறு. அது போக, கடன் வாங்கியவரையே திவாலாக்க வேண்டுமென்றாலும் தொகை குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும், 2021-ல் உயர்த்தினார்கள், முன்பு 50,000 ஆக இருந்தது.

ஆனால் திவால் இல்லை என்பதால் பணம் கட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. பேங்க் உங்கள் மேல் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், மாதாமாதம் இவ்வளவு கட்டு என்று நீதிமன்றம் சொல்லலாம். அதனால் கடிதத்தை மடித்து வைக்காமல் பேங்குக்கு எழுதி, எவ்வளவு பாக்கி, கார் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கார் இன்னும் நண்பனின் வீட்டு வாசலில் நின்றால் அவன் அப்பா அம்மாவிடம் போய்ப் பேசுங்கள், காரைத் தாமாகவே பேங்கில் ஒப்படைத்துவிட்டால் ஏலத்தில் நல்ல விலைக்குப் போக வாய்ப்பு, வெயிலில் இன்னும் ஒரு வருடம் நின்றால் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஏலம் போன பிறகும் துண்டு விழுகிற தொகைதான் உங்கள் தலையில் வரும், அது எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு வெள்ளியையும் நண்பனிடம் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவன் தீபாவளிக்கு ஊருக்கு வராமலா போவான்.

கேள்வி: என் மகன் ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) 1,000 வெள்ளி வாங்கினான், கையில் கொடுத்தது 800. வாரம் 100 வட்டி, முதல் அப்படியே நிற்கிறது. இதுவரை 2,000-க்கு மேல் கொடுத்துவிட்டான். சம்பள ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் அவர்களிடம் இருக்கிறது. போன வாரம் கேட்டில் சிவப்புப் பெயின்ட் ஊற்றிவிட்டார்கள். வேறு ஒருவரிடம் வாங்கி முடித்துவிடலாமா?

பதில்: அம்மா, வேறு ஒருவரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது ஆலோங்கிடம் வாங்கி முதல் ஆலோங்கை முடித்தவர்களை நான் பார்த்ததில்லை, இரண்டு பேருக்கும் கட்டிக்கொண்டிருப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம் போங்கள். கேட்டின் படம், புலனத்தில் வந்த மிரட்டல், பணம் போட்ட ரசீதுகள், அவர்கள் கொடுத்த கணக்கு எண், வந்த வண்டியின் எண் தெரிந்தால் அதுவும். சொந்த ஊர் நிலையத்தில் கூச்சமாக இருந்தால் வேறு நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்த கையோடு பேங்குக்குப் போய்க் கார்டை ரத்து செய்து புது கார்டு, புது பின் நம்பர் எடுக்க வேண்டும், அதே நாளில், தள்ளிப் போடாமல். முடிந்தால் சம்பளம் வேறு கணக்கில் விழும்படி ஆபீசில் சொல்லச் சொல்லுங்கள். சம்பள நாளில் கார்டு வேலை செய்யவில்லை என்றதும் அவர்கள் வருவார்கள், அதற்காகத்தான் புகாரை முன்னால் கொடுக்கச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் மகன் வேலை செய்யும் இடத்திலும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மானம் போகுமே என்று நினைப்பீர்கள், கேட்டில் பெயின்ட் ஊற்றிய அன்றே தெருவுக்கே தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை, நாலு பேருக்குத் தெரிந்தால் நாலு பேர் கண் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவருக்கு அபராதம் குறைந்தது 250,000 வெள்ளியிலிருந்து 10 லட்சம் வரை, ஐந்து ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டும். அவர்கள் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது. அந்தத் தைரியத்தில் தனியாகப் போய் அவர்களிடம் சண்டை போடாதீர்கள், அது வேறு. "கடைசியாக 1,500 கொடு, முடித்துக்கொள்வோம்" என்பார்கள். அடுத்த வாரமும் அதையே சொல்வார்கள். இனி பேச்சு எதுவாக இருந்தாலும் போலீசுக்குத் தெரியாமல் வேண்டாம்.

ஏகேபிகே ஆலோங் கடனுக்கு வராது. மகனுக்குப் பேங்க் கடன்களும் இருந்தால் அவற்றுக்கு மட்டும் போகலாம்.

கேள்வி: எட்டு வருடத்துக்கு முன் விட்டுப்போன பழைய கார்டுக் கடன். இப்போது திடீரென்று ஒரு பெண் மிக மரியாதையாகப் போன் செய்து, "ஐயா, நல்லெண்ணத்துக்காக 50 வெள்ளி மட்டும் போடுங்கள், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். போடலாமா?

பதில்: ஐயா, இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே இதுதான் ஆபத்தானது. மேலே கத்துகிறவரைப் பற்றிச் சொன்னேனே, மரியாதையாகக் கேட்கிற இந்த 50 வெள்ளிக்கு அதைவிட விலை அதிகம்.

மேற்கு மலேசியாவில் இப்படிப்பட்ட ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போடக் காலக்கெடு ஆறு ஆண்டு, 1953-ஆம் ஆண்டு சட்டம். ஆனால் இடையில் கொஞ்சமாவது பணம் கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அந்தக் கெடு புதிதாகத் தொடங்கிவிடும். அதற்குத்தான் 50 வெள்ளியும் கையெழுத்தும். அதனால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் பணமும் போடாதீர்கள், கையெழுத்தும் வேண்டாம். கடைசியாக எப்போது கட்டினீர்கள், ஏற்கனவே தீர்ப்பு ஏதாவது வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பு வாங்கியிருந்தால் கெடு 12 ஆண்டு, ஆறு என்ற பேச்சே இல்லை.

இதோடு சம்மன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். காலக்கெடு முடிந்த கடனாகவே இருந்தாலும், வழக்கு வந்தால் நீங்கள் போய் "கெடு முடிந்துவிட்டது" என்று சொல்ல வேண்டும், நீதிமன்றம் தானாகச் சொல்லாது. சம்மன் கைக்கு வந்து 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்று கிரைண்டருக்கு அடியில் வைத்த சம்மன்களை நான் பார்த்திருக்கிறேன், மாவு காய்ந்து ஒட்டிப்போய். புரியாவிட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள், என்னிடம் கொண்டுவந்தாலும் சரி, ஆனால் 14 நாளுக்குள்.

கேள்வி: 55 வயதாகிறது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து இரண்டு பேங்க் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இபிஎஃப்பில் இருக்கும்வரை அந்தப் பணத்தைக் கடன் கொடுத்த யாரும் தொட முடியாது, சட்டமே பாதுகாக்கிறது. உங்கள் பேங்க் கணக்குக்கு வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. எடுக்கும் முன் பேங்குகளிடம், "மொத்தமாக முடித்துக்கொள்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேளுங்கள். நாள்பட்ட பாக்கிக்குத் தள்ளுபடி கொடுப்பது உண்டு. போனில் சொன்னதை நம்பிப் பணம் போடாதீர்கள், இந்தத் தொகையோடு கணக்கு முற்றிலும் முடிகிறது என்று பேங்கின் கடிதத் தாளில் வர வேண்டும். கட்டிய பிறகு முடிந்ததற்கான கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட வேண்டாம். 55-க்கு அப்புறமும் சாப்பிட வேண்டும், மருந்து வாங்க வேண்டும், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தக் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: முகநூலில் 'சுலபக் கடன்' என்று பார்த்து விண்ணப்பித்தேன். 10,000 வெள்ளி தருவதற்கு முன் காப்புறுதி 380 போடச் சொன்னார்கள், போட்டேன், இப்போது இன்னும் 600 கேட்கிறார்கள்.

பதில்: 600 போடாதீர்கள். கடன் கொடுக்கிறவர் முன்பணம் கேட்டால் அவர் கடன் கொடுக்கப் போவதில்லை. போட்டவுடனே என்றால் 997-க்குக் கூப்பிட வேண்டும், தேசிய மோசடி உதவி மையம், பணம் நகர்வதற்குள் பிடிக்க முயல்வார்கள். நாளாகிவிட்டாலும் போலீஸ் புகார் கொடுத்து, அதைக் கொண்டுபோய் உங்கள் பேங்கில் காட்டுங்கள். அடையாள அட்டைப் படம் அனுப்பியிருப்பீர்கள், அதையும் புகாரில் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பேங்க், கார்டு எதுவும் எனக்கில்லை. தோட்டத்து மளிகைக் கடையில் 555 புத்தகத்தில் (கடன் எழுதும் சின்ன நோட்டில்) 740 வெள்ளி சேர்ந்துவிட்டது. கடைக்கார அண்ணன் நல்லவர், இதுவரை கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டவுன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறேன், அங்கே கையில் காசு கொடுத்து.

பதில்: அண்ணன் கேட்காததால்தான் அவர் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டார். கையில் உள்ள காசை டவுன் கடைக்குக் கொடுக்கிறீர்கள், அது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? சம்பளம் போட்ட அன்றைக்கே போங்கள். 60 வெள்ளி கொடுத்து, "அண்ணே, மாதம் இவ்வளவுதான் முடியும், இனிமேல் புதுச் சாமான் எல்லாம் கைக்காசு" என்று சொல்லுங்கள். இரண்டு புத்தகத்திலும், அவருடையதிலும் உங்களுடையதிலும், கட்டிய தொகையையும் மீதி 680 என்பதையும் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.